சாகக்கூடிய தெய்வம்

கல்லாகிப்போன விஷ்ணு ஒரு வாரம் காத்திருப்பார். செடியாகிப்போன துளசிக்குத் தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டும். முற்றங்கள் மறைந்துவரும் நாட்டில் அதை ஊற்றுவது யார்?

ஒடிசாவில் ஏப்ரல் நடுவில் வருகிறது மகா விஷுவ சங்கராந்தி. தமிழர்கள் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடும் அதே சமயம். அன்று கிராமத்து வீடுகளில், முற்றத்துத் துளசி மாடத்துக்கு மேலே ஒரு சின்ன மண் பானையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பானையின் அடியில் சிறு துளை. உள்ளே பானகம் அல்லது தண்ணீர். அது சொட்டுச் சொட்டாகச் செடியின் தலையில் விழும். வெயில் மண்டையைப் பிளக்கும் வைசாக மாதம் முழுவதும் பானை வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு பசுந்தரா தேக்கி என்று பெயர். வங்காளத்திலும் இதே வழக்கம் உண்டு. சொட்டு நீர்ப் பாசனம் என்ற சொல்லை விவசாய அதிகாரிகள் கற்றுக்கொள்வதற்குப் பல தலைமுறைகள் முன்பே கிழக்கிந்தியாவின் பெண்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

மழைக்கு முந்தைய கடும் மாதத்தில் ஒரு செடியைச் சாகவிடாமல் காப்பாற்றும் ஏற்பாடு இது. செய்பவர்களைக் கேட்டால் பூஜை என்பார்கள். இரண்டும் ஒன்றாகிவிடுவதுதான் துளசி வழிபாட்டின் சூட்சுமம்.

இந்து வீடுகளில் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. வெண்கலம், கருங்கல், வெள்ளி, கண்ணாடிச் சட்டத்துக்குள் காலண்டர் படம். ஒரு மாதம் கும்பிடாமல் விட்டாலும் அவை இருந்த இடத்தில் இருக்கும். தூசி படியும், அவ்வளவுதான். துளசியின் கதை வேறு. மே மாதத்தில் இரண்டு நாள் மறந்தால் இலை சுருளும். ஒரு வாரம் மறந்தால் விறகு. பசுவை விட்டுவிட்டுப் பார்த்தால், கவனிப்பு இல்லாமல் போனால் செத்துப்போகக்கூடிய ஒரே வீட்டுத் தெய்வம் இதுதான்.

அதற்குக் கைமாறாக அவள் கேட்பதும் அதிகமில்லை. புரோகிதர் வேண்டாம். உண்டியல் இல்லை. மந்திரம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் தோஷமில்லை. காலையில் ஒரு சொம்புத் தண்ணீர், மாலையில் ஒரு அகல், மூன்று சுற்று. கோயிலுக்குப் போக நேரமில்லாத, சில சமயம் அனுமதியும் இல்லாத பெண்களுக்கு முற்றத்திலேயே கிடைத்த கோயில் அது.

நாடு முழுவதும் அந்தக் கோயில் உண்டு. பெயர்தான் மாறும். தமிழில் துளசி மாடம், கேரளத்தில் துளசித்தரை, தெலுங்கில் துளசிக் கோட்டை, கன்னடத்தில் துளசிக் கட்டை, மராத்தியிலும் கொங்கணியிலும் பிருந்தாவனம், இந்தியிலும் ஒடியாவிலும் சௌரா, வங்காளத்தில் துளசி மஞ்சம். வங்காளக் கிராமத்தில் பொழுது சாய்ந்ததற்கு அடையாளமே துளசியடியில் ஏற்றும் விளக்கும் ஊதும் சங்கும்தான். ஆழ்வார்களின் தமிழில் அவள் துழாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்தது துளசிச் செடியின் அடியில் என்கிறது வைணவ மரபு.

கல்லும் செடியும்

செடிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அது சுகமான கதை அல்ல.

ஜலந்தரன் என்ற அசுரனின் மனைவி பிருந்தா. அவளுடைய பதிவிரதத்தன்மையே கணவனுக்குக் கவசம். அது உள்ளவரை சிவனாலும் அவனை வெல்ல முடியவில்லை. எனவே விஷ்ணு, ஜலந்தரனின் உருவம் எடுத்து அவளிடம் போகிறார். அவள் ஏமாறுகிறாள், கவசம் உடைகிறது, ஜலந்தரன் சாகிறான். உண்மை தெரிந்ததும் பிருந்தா விஷ்ணுவைச் சபித்துவிட்டுத் தீயில் இறங்குகிறாள். பிரம்ம வைவர்த்த புராணத்திலும் தேவி பாகவதத்திலும் பெயர்கள் வேறு: அங்கே கணவன் சங்கசூடன், மனைவி துளசி. நடந்த காரியம் மட்டும் மாறவில்லை. கல்நெஞ்சுக்காரன் கல்லாகவே ஆகட்டும் என்று அவள் சபிக்க, விஷ்ணு சாபத்தை ஏற்றுக்கொள்கிறார். அவர் சாளக்கிராமம் ஆகிறார். அவள் உடல் கண்டகி நதியாகிறது, கூந்தல் துளசிச் செடியாகிறது.

சாளக்கிராமம் நேபாளத்தில் அந்தக் கண்டகி நதியில்தான் கிடைக்கிறது. புவியியல்காரர்களுக்கு அது அம்மோனைட் என்ற கடல் பிராணியின் புதைபடிவம். இமயமலை எழும்புவதற்கு முன் அந்த இடத்தில் கடல் இருந்ததற்கான சாட்சி. பக்தருக்கு அது சாபத்தைச் சுமக்கும் கடவுள். இரண்டு விளக்கத்திலும் கல் மிகப் பழசு, மிக உறுதி. செடியோ வருடக்கணக்கில்கூடத் தாங்காது.

கடவுளே குற்றவாளியாக நிற்கும் கதைகள் புராணங்களில் அதிகமில்லை. உரையாசிரியர்களும் உபன்யாசகர்களும் இதை நியாயப்படுத்த எவ்வளவோ பாடுபட்டிருக்கிறார்கள். லோக க்ஷேமம் என்பார்கள். பூர்வ ஜன்ம வரம் என்பார்கள். வழிபாட்டு முறை அவர்களைவிட நேர்மையாக நடந்துகொள்கிறது. அவளுடைய இலை விழாத நைவேத்தியத்தை விஷ்ணு ஏற்கமாட்டார் என்று அது விதித்துவிட்டது. பூரியிலிருந்து குருவாயூர் வரை, பண்டரிபுரத்திலிருந்து திருமலை வரை, ஏமாற்றியவர் தினமும் ஏமாற்றப்பட்டவளைத் தலையிலும் தோளிலும் மார்பிலும் சுமக்கிறார்.

வருடா வருடம் கல்யாணம்

சாபத்தின் மறுபாதி கல்யாணம். கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசியன்று விஷ்ணு நான்கு மாத உறக்கத்திலிருந்து எழுகிறார் என்பது ஐதீகம். அதற்கு மறுநாளிலிருந்து பௌர்ணமி வரை வட இந்தியா, மகாராஷ்டிரம், கோவா, கர்நாடகம் எங்கும் துளசிக் கல்யாணம். அதுவரை வட மாநிலங்களில் மனிதர்களுக்கும் முகூர்த்தம் கிடையாது. துளசிக்குத் தாலி ஏறிய பிறகுதான் கல்யாண மண்டபங்களும் பேண்டு வாத்தியக்காரர்களும் சுறுசுறுப்படைகிறார்கள்.

மராத்தி வீடுகளில் இது நிஜக் கல்யாணத்தின் சின்னப் பிரதி. பிருந்தாவனத்துக்குக் காவியும் சுண்ணாம்பும் பூசி, கரும்புகளை நட்டுப் பந்தல் போடுவார்கள். புளிக்கொத்தும் நெல்லிக்காயும் வைப்பார்கள். மணமகன் சாளக்கிராமம் அல்லது கிருஷ்ணர் பொம்மை. இருவருக்கும் நடுவே அந்தர்பாட் என்னும் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு மங்களாஷ்டகம் பாடி, முடிந்ததும் துணியை விலக்கி அட்சதை தூவுவார்கள். கர்நாடகத்தில் நெல்லிக்காயோடு கூடிய கிளையே மாப்பிள்ளை. கோவாவில் இந்த நாளுக்குப் பெரிய தீபாவளி என்றே பெயர். பெண் குழந்தை இல்லாத தம்பதிகள் கன்யாதானப் புண்ணியத்துக்காகத் துளசியைத் தாரை வார்த்துக் கொடுப்பதும் உண்டு.

ராஜாக்கள் செய்தால் எப்படி இருக்கும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்திய இந்தியாவில் சுற்றிய ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன், 1844-ல் வெளிவந்த தனது பயண நூலில் அதை எழுதிவைத்திருக்கிறார். ஓர்ச்சா ராஜா வருடந்தோறும் நடத்திய கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எட்டு யானைகள், 1,200 ஒட்டகங்கள், 4,000 குதிரைகள். முன் யானையின் மேல் ஒரு கூழாங்கல். அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு செடி. கூடிய ஜனம் ஒரு லட்சத்துக்கு மேல். ஸ்லீமனுக்கு அது வேடிக்கையாகத் தோன்றியது. ஒரு பழைய அநியாயத்துக்கு ஒரு சமூகம் வருடா வருடம் நஷ்ட ஈடு கட்டுகிறது என்றும் அதைப் பார்க்கலாம்.

உள்ளே இடமில்லை

கல்யாணம் முடிந்தும் மணமகள் வீட்டுக்குள் வருவதில்லை. துளசிக்கு இடம் முற்றம், வாசல், கொல்லைப்புறம். செடிக்கு வெயில் வேண்டும் என்பது எளிய காரணம். பெண்கள் அதில் வேறு அர்த்தமும் கண்டார்கள். ராஜ் கோஸ்லா 1978-ல் எடுத்த இந்திப் படத்தின் தலைப்பு ‘மைன் துளசி தேரே ஆங்கன் கீ’. நான் உன் முற்றத்துத் துளசி என்று பொருள். ஆஷா பரேக் நடித்த துளசி என்ற பாத்திரம் மனைவி ஸ்தானம் கிடைக்காத ஒரு பெண். கும்பிடுவார்கள், உள்ளே அழைக்கமாட்டார்கள் என்ற மொத்தக் கதையும் தலைப்பிலேயே அடங்கிவிட்டது.

தொலைக்காட்சிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. 2000 முதல் 2008 வரை நாட்டையே இரவில் கட்டிப்போட்ட இந்தி மெகா தொடரின் நாயகிக்குத் துளசி என்றே பெயர். ஸ்மிருதி இரானி நடித்த அந்த மருமகள், எல்லா அநியாயத்தையும் பொறுத்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றினாள். 2025-ல் தொடர் திரும்ப வந்தபோது அவளும் திரும்ப வந்தாள். செடியிடம் எதிர்பார்க்கும் குணத்தை மருமகளிடமும் எதிர்பார்ப்பது தயாரிப்பாளர்களுக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை.

வாசலில் இருப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. தெருவில் போகிறவர்களுக்கு அது அடையாளப் பலகை. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் கோவாவை ஆண்ட போர்ச்சுக்கீசியர்கள். அங்கே மத விசாரணை மன்றம் 1736-ல் ஒரு நீண்ட ஆணை வெளியிட்டது. மதம் மாறியவர்கள் விட்டொழிக்க வேண்டிய பழைய வழக்கங்களின் பட்டியல் அது. கல்யாணப் பாட்டு, வெற்றிலை, உடை என்று நீளும் அந்தப் பட்டியலில், வீட்டிலோ தோட்டத்திலோ துளசி வைக்கக் கூடாது என்பதும் ஒன்று. ஒரு சாம்ராஜ்யம் ஒரு முழ உயரச் செடிக்குப் பயந்தது. மதம் மாறி ஒன்றிரண்டு நூற்றாண்டுகள் ஆன குடும்பங்களிலும் பெண்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தத் தடையே அத்தாட்சி. இன்றும் கோவாவில் இந்து வீட்டு வாசலில் வண்ணம் பூசிய பிருந்தாவனம் நிற்கும் அதே இடத்தில், கத்தோலிக்க வீட்டு வாசலில் ஒரு சிலுவை மாடம் நிற்கிறது. கார்த்திகையில் அங்கே விளக்கு, மே மாதத்தில் இங்கே ஜெபப் பாட்டு.

ஓர் இலையின் எடை

துலாபாரக் கதை எல்லோருக்கும் தெரியும். சத்யபாமாவின் நகையெல்லாம் ஏற்றியும் அசையாத கிருஷ்ணரின் தட்டு, ருக்மிணி வைத்த ஒரு துளசி இலைக்கு உயர்ந்தது. கதையை விடுங்கள், நீதிமன்றங்களிலும் இலைக்கு எடை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் இந்துச் சாட்சிகள் கங்கை நீரையும் துளசியையும் கையில் வைத்துச் சத்தியம் செய்தார்கள். இந்துக்களில் பலர் அதற்கு அஞ்சிச் சாட்சிக் கூண்டுப் பக்கமே வராததால் நீதி நிர்வாகம் தடைப்பட்டது. கடைசியில் 1840-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, சத்தியத்துக்குப் பதிலாக வெறும் உறுதிமொழி போதும் என்றார்கள்.

தானம் கொடுக்கும்போது பொருளின் மேல் ஒரு துளசி இலை வைத்துத் தண்ணீர் விட்டால் அது கைமாறிவிட்டது என்று பொருள். திரும்பக் கேட்க முடியாது. இதிலிருந்துதான் மராத்தியில் ஒரு சொலவடை பிறந்தது. வீட்டின் மேல் துளசி இலை வைத்துவிட்டான் என்றால், குடும்பத்தையே துறந்து பொதுக் காரியத்துக்குப் போய்விட்டான் என்று அர்த்தம். கடைசி இலை கடைசி மூச்சில். உயிர் பிரியும் வேளையில் வாயில் விடும் கங்கை நீரோடு ஒரு துளசி இலையும் போகும்.

இத்தனை எடையுள்ள இலையை இஷ்டத்துக்குப் பறித்துவிட முடியாது. துவாதசியன்று பறிக்கக் கூடாது. சூரியன் மறைந்த பிறகு தொடக் கூடாது. நகத்தால் கிள்ளக் கூடாது. பல வீடுகளில் ஏகாதசியும் ஞாயிறும் அமாவாசையும் இந்தப் பட்டியலில் சேரும். பறித்த இலை வாடினாலும் பழையதாகாது. கழுவி மறுபடியும் சாத்தலாம். விதிகள் ஊருக்கு ஊர் மாறினாலும் நோக்கம் ஒன்றுதான்: செடிக்கு மூச்சுவிட அவகாசம். ஆனால் பூக்கும் கதிரை மட்டும் அவ்வப்போது கிள்ளிச் சாமிக்குச் சாத்தலாம். துளசியின் தலையில் கதிர் பாரம் என்பது பாட்டிமார்களின் விளக்கம். கதிர் முற்றி விதை பிடித்துவிட்டால் செடி இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் முதிர்ந்துவிடும் என்பது தோட்டக்காரர்களின் விளக்கம். இருவரும் செய்வது ஒரே காரியம்.

விதிகளுக்குள் விசித்திரங்களும் உண்டு. விநாயகருக்குப் பொதுவாகத் துளசி சாத்துவதில்லை. சிவனுக்கு வில்வம். தண்ணீர் ஊற்றுவதும் விளக்கேற்றுவதும் பெண்களின் வேலை என்று சொல்லும் சில வைணவ மரபுகள், இலையைப் பறிக்கும் உரிமை ஆண்களுக்கே என்கின்றன. மாதத்தில் சில நாட்கள் பெண்ணின் நிழலே ஆகாது என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த நாட்களில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆண்கள் ஞாபகம் வைத்திருந்தார்களா என்பதை எந்தச் சாஸ்திரமும் பதிவு செய்யவில்லை. ஒரு பெண்ணுக்கு நடந்த அநியாயத்தை நினைவில் வைத்திருக்கும் வழிபாடு, பெண்களுக்கே இன்னொரு வேலியும் கட்டியது நகைமுரண்தான்.

தலையில் ஒரு தோட்டம்

வேலியெல்லாம் உடைந்து துளசி தெருவில் இறங்கும் காட்சியை ஆஷாட மாதத்தில் மகாராஷ்டிரத்தில் பார்க்கலாம். ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும், தேஹூவிலிருந்து துக்காராம் பல்லக்கும் பண்டரிபுரத்துக்குப் புறப்படும். சுமார் 250 கி.மீ., ஏறத்தாழ மூன்று வாரம் நடை. லட்சக்கணக்கான வார்க்கரிகள். அவர்களில் விவசாயக் குடும்பத்துப் பெண்கள் ஏராளம், தலையில் சிறு துளசி பிருந்தாவனம். வழியெல்லாம் மழை. கைவிடாமலே நடந்து, ஆடிப்பாடி, வாணம் போல் சுழன்றும் ஆடுவார்கள். செடி சாயாது. ஆஷாட ஏகாதசியன்று விட்டலன் கழுத்தில் துளசி மாலை. நடந்து வந்தவர்கள் கழுத்திலும் துளசி மணி மாலை. அந்த மணியை அணிந்தவனை மாள்கரி என்பார்கள். மாமிசமும் மதுவும் விட்டவன் என்று அர்த்தம். குடிகாரக் கணவன் கழுத்தில் மாலை விழுந்தால் வீட்டுக்கே விடிவு. மகாராஷ்டிரத்துக் கிராமப் பெண்களுக்குத் துளசியின் மகிமை எந்தப் புராணத்தைவிடவும் இதில் தெளிவாகத் தெரியும்.

மணிகளுக்குப் பேர்போன இடம் பிருந்தாவனம். பிருந்தாவின் வனம் என்பதே ஊர்ப் பெயரின் பொருள். அதற்குப் பக்கத்தில் மதுரா மாவட்டத்து ஜைத் கிராமத்தில் துளசிக் கட்டையைக் கடைந்து மணியாக்குவது பல வீடுகளின் பிழைப்பு. பச்சைச் செடியை இதற்காக வெட்டக் கூடாது, காய்ந்துபோன தண்டுதான் ஆகும் என்பது மரபு. துளசித் தண்டு பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தாலே அதிகம். எனவே ஒரு 108 மணி மாலைக்குப் பல செடிகள் வாழ்ந்து முடித்திருக்க வேண்டும். கடைகளில் குவிந்து கிடக்கும் மாலைகளைப் பார்த்தால் இத்தனை செடிகள் எங்கே வாழ்ந்தன என்று கேட்கத் தோன்றும். வேறு மரத்து மணிகளும் துளசி என்ற பெயரில் விலைபோகின்றன என்பதே பதில்.

அரிவாளுக்குத் துவாதசி தெரியாது

துளசியின் அதிகாரபூர்வ விஞ்ஞானப் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1767-ல் இதற்கு ‘ஓசிமம் சாங்டம்’ என்று பெயரிட்டார். சாங்டம் என்றால் புனிதமானது. ஆனால் அவரே 1753-ல் இதே செடிக்கு ‘ஓசிமம் டெனுயிஃப்ளோரம்’, அதாவது மெல்லிய பூ உடையது, என்றும் பெயர் வைத்திருந்தார். முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது தாவரவியல் விதி. ஆக, இன்றைய பெயரில் பூ இருக்கிறது, புனிதம் இல்லை. தாய்லாந்துக்காரர்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. அவர்களுக்கு இது பூண்டும் மிளகாயும் சேர்த்து இறைச்சியோடு வதக்கும் கீரை.

இந்தியாவில் சந்தை இரண்டையும் சேர்த்து விற்கக் கற்றுக்கொண்டுவிட்டது. துளசித் தேநீர், துளசி மாத்திரை, துளசி சோப்பு, துளசிச் சொட்டு மருந்து. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் சிம்-ஆயு, சிம்-அங்கனா என்று துளசியில் தனி ரகங்களே உருவாக்கியிருக்கிறது. யூஜினால் என்ற எண்ணெய்ச் சத்துதான் குறி. கிராம்பிலும் இருக்கும் அதே சத்து. உத்தரப் பிரதேசத்தில் மழைக்காலத் தொடக்கத்தில் நாற்று நட்டு, சுமார் மூன்று மாதத்தில் பூக்கும் தறுவாயில் அறுக்கிறார்கள். விவசாயிக்குக் காசு. அரிவாளுக்குத் துவாதசி தெரியாது. அதில் தவறும் இல்லை. வயலில் நிற்பது பயிர், முற்றத்தில் நிற்பது தெய்வம் என்று பிரித்துப் பார்க்க இந்தியர்களுக்கு எப்போதும் தெரியும்.

சிக்கல், தெய்வத்தையே பயிராக்கி நியாயப்படுத்தும்போது வருகிறது. துளசி இரவிலும் பிராண வாயு விடுகிறது, ஓசோன் விடுகிறது, எனவேதான் முன்னோர்கள் கும்பிட்டார்கள் என்ற பிரசங்கத்தைக் கேட்காதவர்கள் இல்லை. எல்லாச் சாதாரணப் பச்சைச் செடியையும் போலத் துளசியும் இருட்டில் பிராண வாயுவை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். 2009-ல் தாஜ்மகாலைக் காற்று மாசிலிருந்து காப்பாற்ற ஆக்ராவில் லட்சக்கணக்கில் துளசிக் கன்று நடும் திட்டம் தொடங்கியது. 2020-ல் கொரோனா பரவியபோது ஆயுஷ் அமைச்சகம் துளசி, பட்டை, மிளகு, சுக்கு, திராட்சை போட்ட கஷாயத்தைச் சிபாரிசு செய்தது. இது நோய்க்கு மருந்து அல்ல என்று அமைச்சகமே சொல்லியிருந்தது. குடித்தவர்களில் பலர் அந்த வரியைப் படிக்கவில்லை. தொண்டைக் கரகரப்புக்குத் துளசி இதம். அதற்காக அதைக் கும்பிட வேண்டியதில்லை. இஞ்சியும் இதம்தான், இஞ்சிக்கு யாரும் மாடம் கட்டவில்லை.

கோயில்களிலும் தேவை கூடியிருக்கிறது. 2024 மே மாதத்தில் திருவாங்கூர் தேவஸ்வம் போர்டு, அரளியின் நச்சுத்தன்மை பற்றிய அச்சத்தால் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை நிறுத்தியது. அந்த இடத்துக்கு வந்தவை துளசியும் தெச்சியும் போன்றவை. மும்பை மாதுங்காவின் பூக்கடைகளில் துளசி மாலை அன்றாடச் சரக்கு. கூடவே டிசம்பர் 25-ஐத் துளசி பூஜை தினமாகக் கொண்டாடச் சொல்லிச் சில அமைப்புகள் பிரசாரம் செய்துவருகின்றன. பஞ்சாங்கம் ஏற்கெனவே கார்த்திகையில் ஒரு நாள் கொடுத்திருக்கிறது. போட்டிக்கு ஒரு நாள் வேண்டும் என்று துளசி கேட்டதாகத் தெரியவில்லை.

பால்கனிவாசி

ஆக மொத்தம், துளசியைப் பற்றிய பேச்சு குறையவில்லை, விற்பனை குறையவில்லை, பெருமை குறையவில்லை. குறைந்தது முற்றம். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடி வீட்டுக்காரருக்குக் கிடைப்பது நான்கடி பால்கனி. அங்கே துணி உலர்த்த வேண்டும், ஏ.சி.யின் வெளிப் பெட்டி வைக்க வேண்டும், மிச்ச மூலையில் துளசி. வடக்குப் பார்த்த பால்கனியாக இருந்தால் வெயில் எட்டிப்பார்க்காது. ஏ.சி. பெட்டியின் அனல் காற்று நேராக இலையில் அடிக்கும். தலைநகரின் ஜனவரிக் குளிரில் செடி கறுத்து உதிரும். உத்தரப் பிரதேச, பிகார் வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்குப் போர்த்திய சிவப்புத் துப்பட்டாவை அப்படியே விட்டுவைப்பது இதனால்தான். ராத்திரிப் பனியிலிருந்து செடிக்கு அது போர்வை.

வேடிக்கை என்னவென்றால், நகரத்துத் துளசிகள் மறதியால் மட்டும் சாவதில்லை. பக்தியாலும் சாகின்றன. சிமெண்ட் தொட்டிக்கு அடியில் துளை இருக்காது. காலையில் மாமியார் ஒரு சொம்பு, குளித்துவிட்டு வந்து மருமகள் ஒரு சொம்பு, ஆபீஸ் கிளம்பும் மகன் ஒரு சொம்பு. விசேஷ நாளில் பால் வேறு. மண்ணில் குங்குமமும் மஞ்சளும் ஊதுபத்திச் சாம்பலும். வேர் அழுகிவிடும். தண்டை ஒட்டி வைத்த அகலின் சூட்டில் கீழ்க் கிளைகள் கருகும். செடி தலையைத் தொங்கப்போட்டதும் வீட்டுக்கு ஏதோ கெட்டது வரப்போகிறது என்று ஜோசியரிடம் ஓடுகிறார்கள். தொட்டியின் அடியில் ஒரு துளை போட்டிருந்தால் அந்தக் கெட்டது வந்திருக்காது.

நன்றாகக் கவனித்தாலும் தொட்டித் துளசி இரண்டு, மூன்று வருடங்களில் முற்றிக் கட்டையாகிவிடும். முன்பெல்லாம் இதற்கு யாரும் பதறவில்லை. முற்றிய கதிரை அதே மாடத்தில் உதிர்த்துவிட்டால் மழைக்கு நாலைந்து கன்றுகள் எழும்பும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவார்கள். துளசிக் கன்றுக்குக் காசு வாங்குவது அப்போது கேவலம். காய்ந்த செடியைக் குப்பையில் போடமாட்டார்கள். ஆற்றில் விடுவார்கள், அல்லது தண்டை எடுத்துவைத்து வீட்டில் மூத்தவர் யாராவது போகும்போது சிதையில் சேர்ப்பார்கள். பல வீடுகளில் பாட்டி வைத்த துளசி என்று காட்டுவது பாட்டி வைத்த செடி அல்ல, அதன் பத்தாவது தலைமுறை. சாகக்கூடிய தெய்வத்தை இந்தியக் குடும்பங்கள் இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியது இப்படித்தான்.

இன்றும் அது நின்றுபோய்விடவில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் அடுக்குமாடிக் குடும்பங்களைக் கவனித்தால் தெரியும். பூஜையறையைச் சாத்திவிட்டுப் போவார்கள். சாமி படங்கள் பதினைந்து நாள் பொறுத்துக்கொள்ளும். சாவியை மட்டும் எதிர் வீட்டில் கொடுத்து, துளசிக்கு மறக்காமல் தண்ணீர் ஊற்றும்படி சொல்லிவிட்டுப் போவார்கள். எதிர் வீட்டுக்காரர் கிறிஸ்தவராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம், கடவுள் இல்லை என்பவராகவும் இருக்கலாம். அவருக்கு மந்திரம் தெரியாது, அன்று என்ன திதி என்றும் தெரியாது. தினமும் காலையில் கதவைத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். பதினைந்து நாளும் அந்த வீட்டில் பூஜை தவறியிருக்காது.